ஸ்டில், கியெத்தோ, சும்மா

திருவண்ணாமலையில் மிகுதியாகப் புழங்கும் ஆங்கிலப் பெயரடை எது என்று யாரேனும் கேட்டால், 'ஸ்டில்' என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ரமண இலக்கியத்தை ஆங்கிலத்தில் படிப்பவர் எவரும் அந்தச் சொல்லிலிருந்து தப்ப முடியாது. 'சும்மா இரு' என்னும் நம் இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் 'பீ ஸ்டில்' ஆயின. அங்கிருந்து ஸ்பானிய மொழிக்குச் சென்றபோது 'ஸ்டில்' பெரும்பாலும் 'கியெத்தோ' ஆயிற்று. மெக்ஸிகோவிலிருந்தோ அர்ஜென்டினாவிலிருந்தோ புறப்பட்டு மலையடிவாரத்துக்கு வந்து சேரும் ஒருவர், இந்த ஊரின் மிகப் பழைய உபதேசத்தை இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த சொல்லின் வழியாகவே அறிந்து வருகிறார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு பெயரடையைப் பற்றியது. ஒரு சொல்லுக்கு இத்தனை பக்கங்களா என்று கேட்கலாம். இந்த உபதேசத்தில் இருப்பதே இரண்டு சொற்கள்தாம். அதில் ஒன்று தவறினால் பாதி தவறியதாகும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழிலும் ஸ்பானிய மொழியிலும் இயல்பாகவே இருக்கும் ஒன்று, நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில் இல்லாத காரணத்தால், அந்தப் பக்கம் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. இக்கரையிலும் அக்கரையிலும் உள்ள பொருள் பாலத்தின் நடுவில் தொலைந்துபோவது விசித்திரமானது. ஆனால் அதுதான் நடக்கிறது.

*

முதலில் அகராதி. 'ஸ்டில்' ஜெர்மானிய வேரிலிருந்து வந்த பழைய ஆங்கிலச் சொல். அசையாதது, ஓசையற்றது என்ற இரு பொருளையும் அது ஒருங்கே சுமக்கிறது. ஸ்பானிய மொழியில் இரண்டும் தனித்தனி. அசையாதவன் கியெத்தோ, பேசாதவன் கய்யாதோ. ஆகவே 'ஸ்டில்' என்ற ஒரு சொல்லைக் கண்டதுமே ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இரவு 'ஸ்டில்' ஆக இருந்தால் அவர் அதைச் 'செரேனா' என்பார். ஏரி என்றால் 'திரான்கீலோ'. சிலை என்றால் 'இன்மோவில்'. விடுதியில் கேட்டு வாங்கும் 'ஸ்டில்' தண்ணீர் ஸ்பானிய மொழியில் வெறுமனே 'வாயு இல்லாத நீர்' ஆகிவிடும். அங்கே பெயரடையே காணாமல் போகிறது. டி. எஸ். எலியட் 1936இல் வெளியிட்ட 'பர்ன்ட் நார்ட்டன்' கவிதையில் சுழலும் உலகின் நடுவே ஒரு 'ஸ்டில்' புள்ளியை வைக்கிறார். அதைக் 'கியெத்தோ' என்பதா 'இன்மோவில்' என்பதா? முதலாவது சொன்னால் அமைதி வரும். இரண்டாவது சொன்னால் இயந்திரத்தின் அச்சு வரும். இரண்டும் சேர்ந்து வராது.

எல்லாவற்றையும்விட நான் வியப்பது ஓவியத்துறையின் ஒரு சொல்லை. மேசைமேல் பழமும் குடுவையும் வைத்துத் தீட்டிய படத்தை ஆங்கிலம் 'ஸ்டில் லைஃப்' என்கிறது, அதாவது அசையாத வாழ்வு. ஸ்பானிய மொழி அதே படத்தை 'நாத்துராலெசா முவேர்த்தா' என்கிறது, அதாவது செத்துப்போன இயற்கை. ஒரே மாம்பழம், ஒரு மொழியில் அது அசையாமல் உயிரோடிருக்கிறது, இன்னொன்றில் இறந்து கிடக்கிறது. வயிற்றிலேயே இறந்து பிறக்கும் சிசுவைக் குறிக்கவும் ஆங்கிலம் 'ஸ்டில்' என்ற சொல்லையே சேர்த்துக்கொள்கிறது. உயிரோடு அசையாதிருப்பதற்கும் உயிரற்று அசையாதிருப்பதற்கும் இடையிலுள்ள கோட்டின்மேல் நிற்கும் சொல் இது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

*

இனி நம் சொல். 'சும்மா' என்பது பெயரடை அன்று. ஒரு பெயரின்முன் நின்று அதன் பண்பைச் சொல்லும் வேலையை அது பொதுவாகச் செய்வதில்லை. வினையோடு ஒட்டிக்கொண்டு அந்த வினையிலிருந்து எதையோ எடுத்துவிடுவதுதான் அதன் தொழில். சும்மா கொடுத்தான் என்றால் விலை எடுபட்டது. சும்மா வந்தேன் என்றால் காரணம் எடுபட்டது. சும்மா சொன்னேன் என்றால் உண்மை எடுபட்டது. சும்மா போனான் என்றால் கையில் ஒன்றுமில்லை. எந்த வினையோடு சேர்ந்தாலும் வினை மட்டும் எஞ்சும். அதைச் சுற்றியிருந்த நோக்கம், பயன், சுமை ஏதோ ஒன்று கழன்றுவிடும். அப்படியானால் 'சும்மா இரு' என்பதில் என்ன எஞ்சுகிறது? 'இரு' எஞ்சுகிறது. அசையாதவனாக இரு, அமைதியானவனாக இரு, நல்லவனாக இரு என்று எந்தப் பண்பும் அதில் கூட்டப்படவில்லை. கூட்டாமல் இரு என்பதே அதன் பொருள்.

இந்தச் சொல்லின் இன்னொரு சிறப்பு அதன் ஏழ்மை. விளையாட்டுக்குக் கிள்ளும் பிள்ளையைத் தாய் 'சும்மா இரு' என்று அதட்டுகிறாள். ஓயாமல் நச்சரிப்பவனைத் திண்ணையில் இருக்கும் பெரியவர் 'சும்மா இருடா' என்கிறார். அதே இரண்டு சொற்கள்தாம் கந்தரனுபூதியில் முருகன் அருணகிரிநாதருக்குச் செய்த உபதேசமாக வருகின்றன. 15ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் வாழ்ந்தவராக மரபு சொல்லும் கவிஞர் அவர். 18ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் அதே சொல்லைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டு மன்றாடினார். 1901-02 ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு இளம் ரமணர் எழுதிக் காட்டிய விடைகள் பின்னர் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. மனத்தை ஆன்ம சொரூபத்தில் லயிக்கச் செய்வதே சும்மா இருப்பது என்ற விளக்கம் அதில் இருக்கிறது. அடுக்களையில் பிறந்த சொல்லொன்று ஐந்நூறு ஆண்டுகளாக வேதாந்தத்தைச் சுமந்திருக்கிறது. ஆனாலும் அடுக்களையை விட்டு அது வெளியேறவில்லை. இன்றும் எந்த வீட்டிலும் ஒரு நாளில் பத்துமுறையாவது அதைக் கேட்கலாம்.

*

அப்படியானால் இந்த இடத்தில் ஆங்கிலப் பெயரடை எப்படி நுழைந்தது? அதற்கு விவிலியத்தின் 46ஆம் சங்கீதத்துக்குப் போக வேண்டும். அதன் 10ஆம் வசனத்தில் கடவுள், போர்களை ஓயச் செய்தபின், மனிதர்களை நோக்கி ஒரு கட்டளை இடுகிறார். அதன்பின் தம்மை அறிந்துகொள்ளச் சொல்கிறார். 1611இன் ஆங்கில விவிலியம் அந்தக் கட்டளையைத்தான் 'பீ ஸ்டில்' என்று பெயர்த்தது. மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் ரமணர். விவிலியம் அவருக்கு அந்நியமன்று. 1935 முதல் 1939 வரை முனகால வேங்கடராமய்யா குறித்துவைத்த உரையாடல்களில் இந்த வசனத்தை ரமணர் பலமுறை எடுத்துக்காட்டுகிறார். மோசேக்குக் கடவுள் தம் பெயரை அறிவித்த வாக்கியத்தையும் இந்தச் சங்கீத வாக்கியத்தையும் சேர்த்து, வேதாந்தம் முழுதும் இவ்விரண்டில் அடங்கும் என்ற பொருள்பட ஓரிடத்தில் சொல்கிறார்.

கவனிக்க வேண்டியது இது: உரையாடல்கள் பெரும்பாலும் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் நடந்தன. குறிப்போ ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழில் நாம் இன்று வாசிப்பது அந்த ஆங்கிலத்திலிருந்து திரும்பப் பெயர்த்த தமிழ். தமிழர் ஒருவர் திருவண்ணாமலையில் தமிழில் சொன்னது ஆங்கிலத்துக்குப் போய்விட்டுத் தமிழுக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஸ்பானிய வாசகரின் நிலைக்கும் நம் நிலைக்கும் நாம் நினைக்கும் அளவுக்குத் தூரமில்லை.

இன்னொன்று. அந்தச் சங்கீத வசனத்திலேயே மூலத்தில் பெயரடை கிடையாது. எபிரேயத்தில் அங்கிருப்பது ஒரு வினை: தளர விடு, கையை விடு, ஓய்ந்துவிடு என்ற பொருள் கொண்டது. கிரேக்கப் பெயர்ப்பு அதை 'ஓய்வாயிருங்கள்' என்ற வினையால் சொன்னது. பள்ளியைக் குறிக்கும் ஆங்கில 'ஸ்கூல்', ஸ்பானிய 'எஸ்குவேலா' இரண்டும் அந்த ஓய்வு என்னும் வேரிலிருந்து வந்தவை. லத்தீன் 'வக்காத்தே' என்றது. காலியாக இருங்கள், வேலையற்று இருங்கள் என்று பொருள். விடுமுறையைக் குறிக்கும் 'வெகேஷன்' அதன் வழித்தோன்றல். பழைய தமிழ் விவிலியமும் 'அமர்ந்திருந்து' என்று வினையாகவே சொல்லியது. எபிரேயத்தின் கைவிடுதல், கிரேக்கத்தின் ஓய்வு, லத்தீனின் காலி, மூன்றுமே 'சும்மா'வின் அண்டை வீட்டுக்காரர்கள். அசையாமை என்ற பண்பைக் கொண்டுவந்து சேர்த்தது 'ஸ்டில்'தான். ஸ்பானிய ரெய்னா-வலேரா விவிலியத்தின் 1960 திருத்தமும் 'கியெத்தோஸ்' என்ற பெயரடையைக் கொண்டிருக்கிறது.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று? பெயரடை வந்ததும் அதை அடைய வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. 'இரு' என்று மட்டும் சொன்னால் செய்ய ஒன்றுமில்லை, ஏற்கெனவே இருக்கிறோம். 'அசைவற்றவனாக இரு' என்றால் நான் இன்னும் அப்படி ஆகவில்லை, ஆக வேண்டும் என்று பொருள். முதுகை நிமிர்த்திக் காலை மடக்கி அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அசைந்துவிட்டோமே என்று வருந்தும் பயிற்சி அங்கிருந்து தொடங்குகிறது. உடம்பை அசைக்காமை ஒரு நல்ல பழக்கமாக இருக்கலாம். அது சும்மா இருத்தல் அன்று. ரமணர் நாள்தோறும் மலைமேல் நடந்தார். விடியற்காலையில் ஆசிரமத்துச் சமையலறையில் காய் நறுக்கினார். அச்சுக்குப் போகும் தாள்களைத் திருத்தினார். கத்தரிக்காயை நறுக்கும் கை 'ஸ்டில்' ஆக இருக்க முடியாது. சும்மா இருக்க முடியும்.

*

ஸ்பானிய மொழிக்குள் நுழைந்ததும் இந்தப் பெயரடைக்கு இன்னும் சில சுமைகள் ஏறுகின்றன. ஸ்பானிய மொழியை நூல்வழியே கற்றவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் சுமை பால். ஸ்பானியப் பெயரடை தான் சார்ந்த பெயருக்கேற்ப ஆணாகவோ பெண்ணாகவோ மாறியே தீரும். ஆண் என்றால் கியெத்தோ, பெண் என்றால் கியெத்தா, பன்மையில் கியெத்தோஸ், கியெத்தாஸ். 'நான் இந்த உடம்பு அல்ல' என்று தொடங்கும் ஒரு போதனை, முதல் கட்டளையிலேயே கேட்பவரின் உடம்பு எது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. நம் 'சும்மா'வும் 'இரு'வும் இந்த விசாரணையை நடத்துவதில்லை. ஆங்கில 'ஸ்டில்'லும் நடத்துவதில்லை. அந்த மட்டில் ஆங்கிலத்துக்கு நன்றி சொல்லலாம்.

இரண்டாவது சுமை கனமானது. ஸ்பானிய மொழியில் 'இருத்தல்' என்பதற்கு இரண்டு வினைகள். ஒன்று 'செர்': இயல்பால் ஒன்றாக இருத்தல். மற்றது 'எஸ்தார்': ஓர் இடத்தில், ஒரு நிலையில் இருத்தல். நான் மனிதன் என்பதற்குச் செர். நான் களைத்திருக்கிறேன் என்பதற்கு எஸ்தார். மெய்ப்பொருளை, உள்ளதை, ஸ்பானியத் தத்துவம் 'எல் செர்' என்று பெயராக்கிச் சொல்லும். ஆனால் கியெத்தோவோடு இயல்பாகச் சேரும் வினை எஸ்தார்தான். ஆகவே ஸ்பானிய வாசகர் ஒரு பக்கத்தில் 'செர்' என்ற மெய்ப்பொருளைப் படிக்கிறார். அதை அடையும் வழியாகச் சொல்லப்படும் கட்டளையிலோ வேறொரு வினையைக் காண்கிறார். வழியும் இலக்கும் ஒரே சொல் என்பது தமிழில் கேட்கும்போதே விளங்கும்: சும்மா இரு, இருப்பு. ஸ்பானிய மொழியில் இவை இரு வேறு அகராதிப் பக்கங்களாகப் பிரிந்துவிடுகின்றன. 'சற்று நேரம் அசையாத நிலையில் இரு' என்பதுபோல அந்தக் கட்டளை ஒலிக்கக்கூடும். கலைந்துபோகக்கூடிய ஒரு நிலையைத் தேடி யாரும் மெக்ஸிகோவிலிருந்து வர வேண்டியதில்லை.

இந்தத் துன்பத்துக்கு ஒரு வழி உண்டு. சாது ஓமிடம் பயின்று தமிழ் மூலத்தோடு பல ஆண்டுகள் பழகிய மைக்கேல் ஜேம்ஸ், 'சும்மா இருப்பது' என்பதை ஆங்கிலத்தில் 'வெறுமனே இருத்தல்' என்ற பொருளில்தான் பெயர்க்கிறார். பெயரடையை அவர் தூக்கி எறிந்துவிட்டார். அதைப் பின்பற்றும் ஸ்பானியப் பெயர்ப்பாளர் தடையின்றிச் 'செர்' என்ற வினையைக் கையாளலாம். அங்கே ஒரு புதையலும் காத்திருக்கிறது. 'செர்' என்ற வினையின் ஏவல் வடிவம் 'சே', அதாவது 'இரு'. அறிதலைக் குறிக்கும் வேறொரு வினையில் 'நான் அறிகிறேன்' என்பதற்கும் ஸ்பானிய மொழியில் அதே 'சே'தான். எழுத்திலும் ஒலியிலும் வேறுபாடில்லை. இரு என்பதும் அறிகிறேன் என்பதும் ஒரே அசை. இருப்பே அறிவு என்று சத்தையும் சித்தையும் பிரிக்காமல் பேசும் ஒரு மரபுக்கு இதைவிட நல்ல விபத்து எந்த மொழியில் நேர்ந்திருக்கிறது? இதோடு, 'செர்' என்ற வினையின் வடிவங்கள் சில, லத்தீனில் உட்காருதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தவை. நம் 'இரு'வும் உட்காருதலையும் உளதாதலையும் ஒருசேரக் குறிப்பது. ஆங்கிலத்தின் 'பீ'யில் இது எதுவும் இல்லை. இருப்பதாக நினைக்கவே ஆங்கில மூலத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத் தோன்றாது.

*

பெயரடையை விட்டுவிட முடியாது, கியெத்தோ வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் பெரிய வரலாறு இருக்கிறது. ஆவிலா நகரத்துத் தெரேசா (1515-1582) பிரார்த்தனையின் படிநிலைகளில் ஒன்றைக் 'கியெத்தூத்' என்று அழைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து மிகேல் தெ மோலினோஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார், 1675இல், 'ஆன்மிக வழிகாட்டி' என்ற நூலை ரோமில் வெளியிட்டார். ஆன்மா தன் முயற்சிகளை எல்லாம் நிறுத்திவிட்டுக் கடவுள்முன் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது அவர் போதனையின் சாரம். நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. பிறகு விசாரணை வந்தது. 1687இல் போப்பாண்டவர் அவருடைய 68 கருத்துகளைக் கண்டித்தார். மோலினோஸ் 1696இல் சிறையில் இறந்தார். அவர் கொள்கைக்கு எதிரிகள் இட்ட பெயர் 'கியெத்திஸ்மோ'. சும்மா இருக்கச் சொல்கிறவன் ஒழுக்கத்தைக் கைவிடச் சொல்கிறான் என்பது குற்றச்சாட்டின் உட்பொருள்.

இது நமக்குப் புதிதா? 'சும்மா இருக்கிறான்' என்று மகனைப் பற்றிச் சொல்லும் தமிழ்த் தகப்பனின் குரலில் பெருமை இருந்து யாராவது கேட்டதுண்டா? சோம்பேறி, வேலையற்றவன், உதவாதவன் என்ற வசையும் பரம உபதேசமும் தமிழில் ஒரே சொல்லுக்குள் சண்டையிட்டுக்கொண்டே வாழ்கின்றன. ஸ்பானியக் கியெத்தோவும் சிறையைப் பார்த்த சொல். ஆங்கில 'ஸ்டில்' அப்படியன்று. விவிலியத்தின் மாட்சியும் தேவாலயத்தின் குளிர்ச்சியும் அதற்கு இருக்கின்றன. அவமானத்தின் தழும்பு இல்லை.

அதைவிட முக்கியமானது தாயின் வாய்மொழி. துள்ளித் திரியும் பிள்ளையை ஸ்பானியத் தாய் எப்படி அடக்குவாள்? 'எஸ்தாத்தே கியெத்தோ' என்பாள். சும்மா இரு! வேறு எந்த விளக்கமும் தேவையில்லாத அச்சு அசலான பெயர்ப்பு இது. ஆங்கிலத் தாய் பிள்ளையை அடக்கும்போது 'ஸ்டில்' என்ற சொல்லைப் பயன்படுத்துவாள்தான். ஆனால் 'உட்கார்', 'நில்' போன்ற வேறொரு வினையோடு சேர்த்தே சொல்வாள். 'பீ ஸ்டில்' என்று அவள் சொன்னால் வீட்டில் சங்கீதம் வாசிப்பதுபோல் இருக்கும். அந்த ஆங்கிலத்தின் கம்பீரத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானியப் பெயர்ப்பாளரும் கம்பீரமான தொடர்களைத் தேடிப் போவது இயல்பே: 'அசைவின்மையில் நிலைபெறுக' என்பதுபோல. தன் தாய் தன்னிடம் ஆயிரம்முறை சொன்ன தொடர்தான் இது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் தமிழர்கள்.

*

இதற்கு வரக்கூடிய மறுப்பு ஒன்றுண்டு. ரமணரே அந்த ஆங்கில வாக்கியத்தை ஏற்றுக்கொண்டாரே, நமக்கென்ன வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் ஏற்றார். ஆனால் அதை எப்படி விளக்கினார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த உரையாடல் தொகுப்பிலேயே, 'ஸ்டில்' ஆக இருத்தல் என்றால் என்ன என்று தாமே கேட்டுக்கொண்டு, உன்னை அழித்துக்கொள்வது என்ற பொருளில் விடை சொல்கிறார். பெயருக்கும் வடிவத்துக்கும் உரிய 'நான்' இல்லாமல் போவதையே அவர் குறித்தார். இலக்கணப்படி இது மிகவும் கடினமான இடம். பெயரடை என்றால் அது தழுவி நிற்க ஒரு பெயர் வேண்டும். அசைவற்ற யார்? அந்த 'யார்' கரைவதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது என்றால், தழுவப் பெயரில்லாத பெயரடை ஒன்றை நாம் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். அவர் ஆங்கிலச் சொல்லை ஏற்றபோதே அதன் இலக்கணத்தை உடைத்துவிட்டுத்தான் ஏற்றார். நம் பெயர்ப்பாளர்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், உடைப்பை விட்டுவிட்டார்கள்.

அந்த உடைப்பு எங்கே நிகழ்ந்தது என்பதற்கு வாழ்க்கை வரலாறே சாட்சி. 1896 ஜூலையில் மதுரை வீட்டில் பதினாறு வயது வேங்கடராமன் பிணம்போல் நீட்டிப் படுத்து மரணத்தைப் பரிசோதித்தது எல்லோரும் அறிந்தது. அசையாத உடம்புக்குள் அசையாத உயிர்ப்பு ஒன்றை அவன் கண்டுகொண்டான். 'ஸ்டில்' என்ற சொல் எந்தக் கோட்டின்மேல் நிற்கிறது என்று முன்பு சொன்னேனோ அந்தக் கோடு அது. ஆங்கில ஓவியச் சொல்லும் ஸ்பானிய ஓவியச் சொல்லும் பாதிப் பாதியாகச் சொன்னதை அவன் முழுதாகப் பார்த்தான். ஆறு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, பள்ளியில் கிடைத்த தண்டனைக்காக ஆங்கில இலக்கண நூல் ஒன்றை மும்முறை படியெடுக்க உட்கார்ந்தான். பெய்ன் என்பவர் எழுதிய இலக்கணம் அது. இரண்டு முறை எழுதியபின் தாளை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிச் சும்மா இருந்தான். இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற பொருளில் அண்ணன் ஏளனமாகக் கேட்டார். தம்பி அதை ஏளனமாக எடுத்துக்கொள்ளவில்லை; உண்மைதான் என்று எழுந்து போய்விட்டான். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலில் நின்றான். பெயரடையின் இலக்கணம் அடங்கிய புத்தகத்தை நகர்த்தி வைத்துவிட்டு வந்த ஒருவரைப் பற்றித்தான் நாம் இத்தனை பெயரடைகளால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

புறப்படுமுன் அவன் வைத்துவிட்டுப் போன கடிதத்தை வாசகர்கள் அறிவார்கள். அது 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே எழுதுகிறவன் 'இது' ஆகிவிடுகிறான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. தன்மையாகத் தொடங்கியது பாலற்றதாகி, பிறகு பெயரே இல்லாமல் முடிகிறது. கியெத்தோவா, கியெத்தாவா என்று தடுமாறும் ஸ்பானியப் பெயர்ப்பாளருக்கு இந்தக் கடிதத்தை அடிக்குறிப்பாகக் கொடுத்தால் போதும் என்று தோன்றுகிறது. இலக்கணம் கேட்கும் பாலை அவர் கொடுத்துவிட்டுப் போகட்டும். அது எங்கே உதிர்கிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஒரு சமயச் சிறுநூல் விவகாரம் என்று நவீன இலக்கிய வாசகர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. நாம் மார்க்கேஸை எப்படிப் படிக்கிறோம்? 1967இல் ஸ்பானிய மொழியில் வந்த அவருடைய பெருநாவல், 1970இல் கிரகோரி ரபாஸாவின் ஆங்கிலமாகி, அந்த ஆங்கிலம் வழியாக 2013இல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று தமிழுக்கு வந்தது. அது நல்ல மொழிபெயர்ப்பு. அதைக் குறை சொல்ல வரவில்லை. அங்கிருந்து வருவதும் இங்கிருந்து போவதும் ஒரே சுங்கச்சாவடியைக் கடக்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன். இரண்டு பயணங்களிலும் ஆங்கிலத்துக்குப் புரிந்தது மட்டுமே மறுபக்கம் போகிறது.

இது விதியும் அன்று. ஆங்கிலேயர் இங்கே காலூன்றுவதற்கு முன்பே, 1578இல், கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நேரே தமிழுக்கு வந்தது. ஸ்பானிய மொழியின் உடன்பிறப்பான அந்த மொழிக்கும் தமிழுக்கும் 1679இல் அச்சிட்ட அகராதியே இருந்தது. அந்தப் பாதிரிமார்கள் தம் மதத்தைப் பரப்ப வந்தவர்கள். ஆனால் 'சும்மா' என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவர்கள் லண்டனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் முடிந்தது இன்று முடியாமல் இருக்கக் காரணம் ஆர்வமின்மை மட்டுமே.

பெரிய திட்டங்கள் எதையும் நான் முன்வைக்கவில்லை. தமிழும் ஸ்பானிய மொழியும் அறிந்த இருவர் மூவர் சேர்ந்து 'நான் யார்?' என்ற அந்தச் சிறு நூலை மட்டும் தமிழ் மூலத்தை முன்னால் வைத்துக்கொண்டு பெயர்க்கட்டும். 'சும்மா' வரும் ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சொல் நம் வீடுகளில் எப்படிப் புழங்குகிறது என்று நாலு வரி எழுதட்டும். அதற்கு முன்பு நாமே செய்துகொள்ள வேண்டிய ஒரு காரியமும் உண்டு. நம் ஆன்மிக உரைநடையில் 'அசைவற்றிரு', 'நிச்சலனமாய் இரு' என்றெல்லாம் ஆங்கிலம் போய்வந்த தொடர்கள் பெருகிவருகின்றன. அசலம் என்றால் அசையாதது. அந்தப் பெயரடை நமக்கு வேண்டுமென்றால் அருணாசலம் என்று மலையாகவே அது ஊரில் நிற்கிறது. மனிதர்களுக்கு நம் முன்னோர் சொன்னது வேறு. அது அசைகிறவர்களுக்கும் சொல்லத்தக்கது. காய் நறுக்குகிறவர்களுக்கும், கடைக்குப் போகிறவர்களுக்கும், துள்ளுகிற பிள்ளைகளுக்கும்.